கொம்பு வைத்த அலெக்சாண்டர்: ஒரு வெள்ளி நாணயம் வாங்கிய அனுபவம்

வாங்கிய பொருள்: லைசிமாக்கஸ் அரசர் வெளியிட்ட வெள்ளி டெட்ராட்ராக்ம், அதாவது நான்கு டிராக்மா மதிப்புள்ள நாணயம். அடித்த இடம் இன்றைய துருக்கியின் வடமேற்குக் கரையில் இருந்த லாம்ப்சாகஸ் என்ற கிரேக்க நகரம். காலம் கி.மு. 297-க்கும் 281-க்கும் இடைப்பட்டது. எடை 16.94 கிராம், குறுக்களவு 29 மில்லிமீட்டர். விலை 840 பவுண்டு. விற்றது லண்டனில் ஒரு நாணயக் கடை. குறை நிறை இரண்டையும் சொல்லப்போகிறேன் என்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாணயத்துக்கு ஐந்துக்கு ஐந்து, கடைக்கு ஐந்துக்கு மூன்று.

நான் கோயம்புத்தூரில் நகை டை, அதாவது நகை அச்சு, வெட்டும் பட்டறையில் தொழில் கற்றவன். இப்போது லண்டனில் ஒரு நகைப் பட்டறையில் ரிப்பேர் வேலை பார்க்கிறேன். பழைய நாணயம் கையில் வந்தால் அரசன் யார், ஆண்டு என்ன என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். உளி எங்கே ஆழமாக இறங்கியிருக்கிறது, எங்கே மெல்லத் தூக்கி எடுத்திருக்கிறார்கள் என்றுதான் கண் முதலில் போகும். இந்த மதிப்புரையும் அப்படித்தான் இருக்கும்.

நாணயத்தின் தலைப்பக்கத்தில் ஓர் இளைஞனின் முகம், வலது பக்கம் பார்த்தபடி. தலையைச் சுற்றித் துணிப்பட்டம். அதன் நுனிகள் பிடரிக்குப் பின்னால் பறக்கின்றன. காதுக்கு மேலே முளைத்து, காதைச் சுற்றி வளைந்து இறங்கும் ஆட்டுக்கடாக் கொம்பு. இவர்தான் அலெக்சாண்டர். கி.மு. 323-இல் பாபிலோனில் இறந்தவர். இந்த நாணயத்தை அடித்தபோது அவர் இறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

லென்ஸ் வைத்துப் பார்த்த இடங்களைச் சொல்கிறேன். கொம்பில் குறுக்கு வரிகள் இருக்கின்றன. அடியில் இடைவெளி அதிகம், நுனிக்குப் போகப் போக வரிகள் நெருங்குகின்றன. உண்மையான கொம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் வெட்டிய வரிகள் அவை. கண் ஆழத்தில் இருக்கிறது, புருவ எலும்பு அதன்மேல் கூரை போல இறங்குகிறது, கருவிழி சற்றே மேல்நோக்கி நிற்கிறது. நெற்றிக்கு நடுவில் மயிர் மேலெழுந்து இரண்டாகப் பிரிகிறது. அலெக்சாண்டர் சிலைகளிலும் இதே அடையாளம் உண்டு. உதடு லேசாகத் திறந்திருக்கிறது. அந்தத் திறப்பு ஒரே வெட்டு. இரண்டாம் தடவை உளி போட்ட தடயம் இல்லை.

தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாணயத்தில் மேடாகத் தெரிவதெல்லாம் அச்சில் பள்ளம். கன்னம் எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ அவ்வளவு ஆழம் உலோகத்தைக் குடைந்து எடுத்திருக்க வேண்டும், அதையும் இடம் வலம் மாற்றி. வேலை நடக்கும்போது முகம் எப்படி வருகிறது என்று அச்சைப் பார்த்துத் தெரியாது. நாங்கள் அவ்வப்போது மெழுகை அழுத்திப் பார்ப்போம். அவர்களும் அப்படி ஏதோ ஒன்று செய்யாமல் இந்த உதட்டை வெட்டியிருக்க முடியாது என்று என் அனுபவம் சொல்கிறது. இன்றைக்கு ஒரு மாதிரியைச் செய்துவிட்டால் இயந்திரம் அதைப் பார்த்து எத்தனை அச்சு வேண்டுமானாலும் வெட்டிக் கொடுக்கும். அன்று ஒவ்வோர் அச்சும் தனித்தனியாகக் கையால் வெட்டியது. அதனால் லைசிமாக்கஸ் நாணயங்களில் ஒரு அச்சின் அலெக்சாண்டருக்கும் இன்னோர் அச்சின் அலெக்சாண்டருக்கும் முகம் மாறும். சிலவற்றில் கன்னம் உப்பியிருக்கும், சிலவற்றில் கண் வெறித்துப் பார்க்கும். கடைத் தட்டில் இதே அரசரின் நாணயங்கள் இன்னும் சில இருந்தன. அவற்றில் ஒன்று என்னுடையதைவிடப் புத்தம் புதிதாகப் பளபளத்தது, விலையும் அதிகம். ஆனால் அதன் கொம்பு, காதின் மேல் ஒட்டவைத்த சுருள் மாதிரி தட்டையாக இருந்தது. தேய்மானம் குறைவு என்பதற்காக அதை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

பூப்பக்கத்தில் அதீனா தேவி அரியணையில் உட்கார்ந்திருக்கிறாள். இடது முழங்கை கேடயத்தின்மேல் சாய்ந்திருக்கிறது, கேடயத்தில் சிங்க முகம். நீட்டிய வலக்கையில் வெற்றித் தேவதை நைக்கி நிற்கிறாள். அந்தக் குட்டி நைக்கி கையை நீட்டி மாலை சூட்டுவது யாருக்கு என்று பாருங்கள். பக்கத்தில் மேலிருந்து கீழாக எழுதியிருக்கும் லைசிமாக்கஸின் பெயருக்கு! அரியணைக்குப் பின்னால் 'பசிலியோஸ்', அதாவது 'அரசனுடைய' என்ற சொல். முன்னால் 'லைசிமாகூ', 'லைசிமாக்கஸுடைய'. முகம் அலெக்சாண்டருடையது, பெயர் லைசிமாக்கஸுடையது, நடுவில் மாலை.

இந்த ஏற்பாட்டுக்காகத்தான் நான் இதை வாங்கினேன். லைசிமாக்கஸ் அலெக்சாண்டரின் மெய்க்காவலர்களில் ஒருவர். அலெக்சாண்டர் இறந்ததும் தளபதிகள் நாட்டைப் பங்கு போட்டபோது இவருக்குக் கிடைத்தது திரேஸ், இன்றைய பல்கேரியாப் பக்கம். செல்வம் குறைந்த, ஓயாமல் சண்டை நடந்த பகுதி. கி.மு. 301-இல் இப்சஸ் என்ற இடத்தில் நடந்த பெரும் போரில் ஜெயித்த பக்கம் இருந்ததால் ஆசியா மைனரின் பெரும்பகுதி கைக்கு வந்தது. அப்புறம்தான் இந்த நாணயம். அதுவரை அலெக்சாண்டர் பெயரில் வந்துகொண்டிருந்த நாணயங்களையே புழக்கத்தில் விட்டவர், சொந்தப் பெயரில் அடிக்கத் துணிந்தபோதும் தன் முகத்தைப் போடவில்லை. சிவா பாலைவனச் சோலையில் அம்மோன் கடவுளின் கோயிலுக்கு அலெக்சாண்டர் கி.மு. 331-இல் போனார், அங்கே அவரைக் கடவுளின் மகன் என்று சொன்னதாகப் பேச்சு. அந்த அம்மோனுக்கு ஆட்டுக்கொம்பு அடையாளம். கொம்பை வைத்ததும் அலெக்சாண்டர் கடவுளாகிவிட்டார். அந்தக் கடவுளின் கூடவே நின்றவன் நான் என்கிறார் லைசிமாக்கஸ். சம்பளம் வாங்கும் சிப்பாய்க்கு எழுத்து தெரியாவிட்டாலும் இந்த முகம் தெரியும்.

அலெக்சாண்டரே தன் வழக்கமான வெள்ளி நாணயங்களில் தன் முகத்தைப் போட்டுக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவருடைய நாணயத்தில் இருப்பது சிங்கத்தோல் போர்த்திய ஹெரக்கிளிஸ். மறுபக்கம் கழுகு ஏந்திய சீயஸ். அந்த ஹெரக்கிளிஸ் முகமே அலெக்சாண்டர்தான் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஹெரக்கிளிஸ் மாசிடோனிய அரச குலத்தின் மூதாதை என்பதால் பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கலாம் என்பது என் எண்ணம். அவர் காலத்தை ஒட்டி வந்த, யானைமேல் தப்பும் வீரனைக் குதிரையில் துரத்தும் பெரிய வெள்ளிப் பதக்கங்கள் சில கிடைத்திருக்கின்றன. பஞ்சாபில் போரஸுடன் கி.மு. 326-இல் நடந்த போரோடு அவற்றைச் சேர்த்துச் சொல்வார்கள். அவற்றின் மறுபக்கத்தில் இடி ஏந்தி நிற்பவர் அலெக்சாண்டர்தான். ஆனால் முழு உருவம், முகம் மிகச் சிறியது. முகத்தைப் பெரிதாக வெட்டும் வேலை அவருக்குப் பின்னால் வந்தவர்களுடையது.

அவர்களில் எகிப்தைப் பிடித்த தாலமி வேறு வழி போனார். முதலில் யானைத் தலைத்தோல் போர்த்திய அலெக்சாண்டரைப் போட்டார், கொஞ்ச காலம் கழித்துத் தன் முகத்தையே போட்டுவிட்டார். முன்னால் நீண்ட தாடை, கழுத்தில் முடிச்சிட்ட ஆட்டுத்தோல், அழகுபடுத்தாத கிழட்டு முகம். அந்த முகம் அவர் வாரிசுகளின் வெள்ளியில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. தாலமி நாணயம் ஒன்றை அதே கடையில் கையில் எடுத்துப் பார்த்தேன். காதுக்குப் பின்னால், மயிர்ச் சுருளுக்குள், கடுகளவுகூட இல்லாத முக்கோணம். டெல்டா என்ற கிரேக்க எழுத்து. அச்சு வெட்டியவர் தன் பெயரின் முதலெழுத்தை ஒளித்து வைத்தது என்று கருதுகிறார்கள். அரசனின் தலைமயிருக்குள் தன் கையெழுத்தை வைத்த அந்த மனிதரை எண்ணி நான் அந்த நாணயத்தைக் கீழே வைக்கவே இல்லை. கடைக்காரர்தான் மெல்ல வாங்கி வைத்தார். எடை மட்டும் குறைவு, 14.2 கிராம்தான். தாலமி எகிப்துக்குள் வெளி வெள்ளி ஓடாதபடி செய்து, தன் நாணயத்தின் எடையைப் படிப்படியாகக் குறைத்தார். லைசிமாக்கஸ் ஏதென்ஸ் நகரத்து எடை முறையிலேயே, அதாவது 17 கிராமைச் சுற்றியே நின்றார். எங்கே கொண்டுபோனாலும் செல்லுபடியாக வேண்டும் என்ற கணக்கு.

எடை என்றதும் ஒரு விஷயம். இவ்வளவு வெள்ளி எங்கிருந்து வந்தது? பாரசீகக் கருவூலங்களிலிருந்துதான் பெரும்பகுதி. பெர்செபோலிஸில் மட்டும் 1,20,000 தாலந்து கிடைத்தது என்று பண்டைய வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதியிருக்கிறார், அங்கிருந்த தங்கத்தையும் வெள்ளி மதிப்பில் கணக்கிட்டு. ஒரு தாலந்து 26 கிலோ. அதில் இந்த மாதிரி 1,500 நாணயம் அடிக்கலாம். இதில் எத்தனை பங்கு என் கையில் இருக்கும் வில்லைக்கு வந்ததோ. உருக்கி உருக்கி அடித்த வெள்ளிக்குப் பிறந்த ஊர் கேட்க முடியாது.

சரி, கடைக்கு வருவோம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். முன்கூட்டியே போன் செய்து நேரம் வாங்கிப் போனேன். மேசையில் வெல்வெட் விரித்து, தட்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவசரப்படுத்தாமல் விட்டார்கள். தராசு கேட்டேன், கொடுத்தார்கள். விளிம்பைப் பார்க்க நாணயத்தை உறையிலிருந்து எடுக்கலாமா என்றதற்கு, எடுக்காமல் வாங்காதீர்கள் என்றார் பெரியவர். இந்தப் பதிலுக்காகவே நான் மறுபடியும் போவேன். இப்போதெல்லாம் கெட்டி பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, அடிப்புக்கு இத்தனை, மேற்பரப்புக்கு இத்தனை என்று மார்க் போட்டு விற்கும் பழக்கம் வந்துவிட்டது. போலிக்குப் பயப்படுபவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கலாம். என்னைப் போன்றவனுக்கு அது பயன்படாது. விளிம்பைத் தடவிப் பார்க்க முடியாத நாணயத்தில் பாதிச் செய்தி உள்ளேயே பூட்டிக் கிடக்கும்.

விளிம்பில் என்ன பார்த்தேன் என்று கேட்பீர்கள். வார்த்து எடுத்த போலி என்றால் விளிம்பைச் சுற்றி இரண்டு பாதிகளும் சேர்ந்த கோடு இருக்கும், அல்லது அதை அராவி மறைத்த தடம் இருக்கும். என்னுடையதில் அது இல்லை. அதற்குப் பதிலாக அடியின் வேகத்தில் வெள்ளி வெளிப்புறமாக ஓடி, ஓரத்தில் சிறு வெடிப்புகள் விட்டிருக்கின்றன. எழுத்துகளின் அடிவாரம் கூர்மையாக இறங்குகிறது. வார்ப்பில் அது மழுங்கியிருக்கும். தாடைக்குக் கீழே ஓரம் வரை ஓடும் மெல்லிய மேட்டுக்கோடு ஒன்றும் இருக்கிறது. கடைக்காரர் அதைக் கீறல் என்று நினைத்து, விலையில் கொஞ்சம் குறைக்கிறேன் என்றார். கீறல் என்றால் பள்ளமாக இருக்கும், இது மேடு. அச்சு விரிசல் விட்ட பிறகு அடித்த நாணயம், எனக்கு அது குறையே இல்லை என்றேன். அப்படியும் குறைத்துத்தான் கொடுத்தார்.

தலைப்பக்க அச்சைப் பட்டடையில் இறுக்கி, மேலே வெள்ளி வில்லையை வைத்து, பூப்பக்க அச்சைக் கையில் பிடித்துச் சம்மட்டியால் அடிப்பது அன்றைய முறை. அடி நேராக விழுவது பூப்பக்க அச்சின்மேல் என்பதால் அதுதான் முதலில் உடையும். ஒரு தலைப்பக்க அச்சுக்குப் பல பூப்பக்க அச்சு மாறும். என் நாணயத்தில் விரிசல் கண்டிருப்பது தலைப்பக்க அச்சே என்றால், அதற்குள் எத்தனை அதீனாக்களை அது பார்த்திருக்கும்! விரிசல் விட்ட பிறகும் அந்த அச்சைத் தூக்கிப் போடவில்லை. படையும் சம்பள பாக்கியும் காத்திருந்தால் எந்தப் பட்டறையும் அப்படித்தான் செய்யும்.

இனி குறைகள். கடையின் இணையப் படத்தில் முரண்வெளிச்சத்தைக் கூட்டி, வெள்ளியைக் கறுப்பும் வெண்மையுமாகக் காட்டியிருந்தார்கள். நேரில் நாணயம் சாம்பல் நிறம், முடிக்குள் மட்டும் கறுப்பு. எனக்கு நேரில் பார்த்த நிறமே பிடித்தது என்றாலும், தபாலில் வாங்குபவர் ஏமாற்றமடைவார். கடைக்குள் விளக்கு எல்லாம் கூரையிலிருந்து நேராக விழும் வெள்ளை வெளிச்சம். மேட்டுவேலை உள்ள எதையும் அந்த வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒற்றை விளக்கு வேண்டும். நான் என் போனின் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். அப்போதுதான் கண்ணின் ஆழம் தெரிந்தது. ஒரு மேசை விளக்கு வாங்கி வைக்க அவர்களுக்கு என்ன கஷ்டம்?

அடுத்தது முக்கியமான குறை. ரசீதில் 'பழைய ஆங்கிலேயர் சேகரிப்பிலிருந்து' என்று ஒரே வரி. யார், எப்போது, ஆதாரம் என்ன? கேட்டால் தயங்கினார்கள். பழம்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் வந்தது. அதற்கு முன்பே மண்ணைவிட்டு வெளியே இருந்ததற்குத் தாள் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. துருக்கியிலும் பல்கேரியாவிலும் இரவோடு இரவாகத் தோண்டி எடுத்த புதையல் துண்டுதுண்டாகச் சந்தைக்கு வருகிறது. அப்படி வரும்போது கூடவே கிடந்த மற்ற நாணயங்களும், எந்த மண்ணில் எந்த ஆழத்தில் கிடந்தது என்ற செய்தியும் அழிந்துவிடுகின்றன. ஆதாரம் வரும்வரை பணம் கட்ட மாட்டேன் என்று உறுதியாகச் சொன்ன பிறகு, 1960-களின் ஏலப் பட்டியல் ஒன்றின் நகலைத் தேடி அனுப்பினார்கள். படத்தில் இருப்பது இதே நாணயம்தான். ஓர வெடிப்பும் விரிசலும் அப்படியே பொருந்துகின்றன. கையில் இருந்த தாளைக் கேட்காமலே கொடுத்திருக்க வேண்டாமா? ஒரு மதிப்பெண்ணை இதற்காகவே குறைத்தேன்.

இன்னொன்று, கொடுத்தனுப்பிய உறை. மெத்தென்ற பி.வி.சி. பிளாஸ்டிக். அந்த வகை உறை நாளடைவில் கசிந்து வெள்ளியின்மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். வீட்டுக்கு வந்ததும் எடுத்து, குழி வெட்டிய மரத்தட்டில் வைத்துவிட்டேன். 840 பவுண்டு பொருளுக்கு நல்ல உறை தரலாம்.

வாங்குவதற்கு முன்பு நான் சரிபார்த்த இடத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க நாணயவியல் கழகம் தன் சேகரிப்பைப் படங்களோடு இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அரசன், நகரம், எடை எல்லாம் போட்டுத் தேடலாம். அலெக்சாண்டர் பெயரில் வந்த நாணயங்களுக்கு பெல்லா என்று தனித் தளமே நடத்துகிறார்கள். லைசிமாக்கஸின் நாணயங்களை எந்த ஊரில் அடித்தது என்று பிரிக்க, மார்கரெட் தாம்சன் 1968-இல் வெளியிட்ட ஆய்வைத்தான் இன்றும் எல்லாரும் எண் குறிப்பிட்டுச் சொல்கிறார்கள். அதீனாவுக்கு முன்னால் இருக்கும் கூட்டெழுத்து முத்திரைதான் அதற்குச் சாவி. கடைக்காரர் சொன்ன ஊரை அப்படியே நம்பாமல் அந்த முத்திரையைப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். லைசிமாக்கஸ் கி.மு. 281-இல் கொருபீடியம் போரில் இறந்த பிறகும் பைசாந்தியம் முதலிய கருங்கடல் பக்க நகரங்கள் இதே நாணயத்தை நூறாண்டுகளுக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தன. அவற்றின் வில்லை அகலம், வேலைப்பாடு தட்டை, விலையும் பெரும்பாலும் குறைவு. அரசர் உயிரோடிருந்த காலத்து நாணயம் என்று சொல்லி அதைத் தந்துவிடப் போகிறார்கள், கவனம்.

ஊர்க்காரர்கள் கேட்பார்கள் என்பதால் ஒன்று. அரசன் முகம் போட்ட வெள்ளிக்காசு நம் பக்கத்திலும் உண்டு. கரூர்ப் பகுதியில் கிடைத்த சேரர் காசுகளில் ஒரு தலையும், அதன்மேல் தமிழ்ப் பிராமியில் 'மாக்கோதை' என்ற பெயரும் இருக்கின்றன. அது ரோமானியக் காசுகளைப் பார்த்து வந்த வழக்கம். அந்த ரோமானிய வழக்கத்துக்கே முன்னால் இருந்தவை இந்த மாசிடோனியத் தளபதிகளின் முகங்கள்.

யாருக்கு இதைச் சிபாரிசு செய்வேன்? ஒரே ஒரு கிரேக்க நாணயம்தான் வாங்கப் போகிறேன் என்பவருக்கு. ஏதென்ஸின் ஆந்தை நாணயம் அழகுதான், ஆனால் அங்கே அரசன் இல்லை. இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம் இருந்த பாக்திரியாவை ஆண்ட கிரேக்க அரசர் அந்திமாக்கஸின் நாணயத்தில் உள்ள தட்டைத் தொப்பியும் மெல்லிய புன்னகையும் என்னைக் கேட்டால் இதைவிட உயர்ந்த வேலை; விலைதான் எட்டாது. பணம் குறைவாக இருந்தால் அலெக்சாண்டர் பெயரிலான ஒற்றை டிராக்மா எடுக்கலாம். 4.2 கிராம், அதே கடையில் 160 பவுண்டிலிருந்து இருந்தது. ஹெரக்கிளிஸின் முகம் சிறியது என்றாலும் சிங்கத்தோலின் முடிச்சு வரை வெட்டியிருப்பார்கள்.

லைசிமாக்கஸ்தான் வேண்டும் என்றால் பூப்பக்கம் தேய்ந்ததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதீனாவின் முழங்கால் போயிருந்தாலும் பரவாயில்லை, ஈட்டி நுனி வில்லைக்கு வெளியே போயிருந்தாலும் பரவாயில்லை. என்னுடையதிலும் அப்படித்தான் போயிருக்கிறது. கொம்பின் வரிகளும் கண்ணும் முழுதாக இருக்க வேண்டும். அந்த இரண்டையும் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, உறைக்கு வெளியே எடுத்து எடை போட்டுவிட்டு, 1970-க்கு முந்தைய தாளை வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டுங்கள்.